பீச்சாங்கை கிளாம்ப்

அண்ணா,

ஆப்பரேஷன் தியேட்டரின் ஸ்பிரிட் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. திருமழிசை பஸ் ஸ்டாப்பில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மேஜையில் படுக்க வைத்து, கையை ஒரு பலகையில் நீட்டி வைத்தார்கள். தலையைத் திருப்பினால், அந்தப் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நம் கிளாம்ப். தவறு, என் கிளாம்ப். அதன் நெற்றியில் உன் கம்பெனி பெயர். உடைந்த கையைவிட அதுதான் வலித்தது.

நம் பட்டறை ஷெட்டில் நாம் முதலில் செய்த கிளாம்பை நினைத்துப் பார். மேஜையின் ஓரத்தில் ஓடும் ஸ்டீல் பட்டையில் மாட்டி, குமிழைத் திருகு திருகு என்று திருக வேண்டும். அதற்குள் நோயாளியின் கால் ஒரு பக்கம் சரியும். ஒரே இழுப்பில் பூட்டிக்கொள்கிற மாதிரி, ஏற்றி இறக்கிச் சாய்க்கிற மாதிரி நான் வரைந்தேன். கைப்பிடி இடப்பக்கம் போயிருந்தது. என் கை போகிற பக்கம்தானே அது போகும்! நீ படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"ஒலகத்துக்கே சோத்தாங்கை, உனக்கு மட்டும் பீச்சாங்கை. புத்தியும் அப்டியே கீது."

சின்ன வயதிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடப் பீச்சாங்கை என்று கூப்பிட்டதுதான் அதிகம். அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் அதே படத்தை அப்படியே வார்த்து, அம்பத்தூரில் ஊரைக் கூட்டி மேடை போட்டு, "இது என் மூளையில உதிச்சது" என்றாயே! முன் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். கைப்பிடியை வலப்பக்கம் மாற்றக்கூட நீ மெனக்கெடவில்லை. திருடுகிறவனுக்கு எதற்கு அந்த வேலை?

கேட்டேன். "பொம்பள பண்ணதுன்னு சொன்னா எந்த ஆஸ்பத்திரிக்காரன் வாங்குவான்? கம்முனு கெட" என்றாய். மறுநாள் ஷெட்டுக்கு வந்தால் வேறு பூட்டு தொங்கியது. அன்றிலிருந்து ஊரார் பட்டறைகளில் படம் வரைந்து பிழைக்கிறேன்.

எனக்கு உன் சொத்து வேண்டாம், ஷெட் வேண்டாம். "இத பண்ணது என் தங்கச்சி" என்று நாலு பேர் முன்னால் உன் வாயால் ஒரு தடவை வரவேண்டும், அவ்வளவுதான். வரவைக்காமல் விடக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ என்னடாவென்றால் கொரட்டூர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். செத்துத் தப்பித்துக்கொண்டாய், அண்ணா. எல்லோரும் உன்னைப் பார்த்து அழுதார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வரவில்லை.

வாய்க்கரிசியை இடது கையால்தான் போட்டேன். "அடிப்பாவி, பொணத்துக்குப் போய் பீச்சாங்கையில போட்றியே!" என்று அண்ணி கத்தினாள். சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பச்சரிசியால் அடைத்த வாய் இனி எப்படிப் பேசும் என்பதுதான் அப்போதும் என் கவலை.

தியேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பலகை கொஞ்சம் தாழ்வாக இருந்தது போலிருக்கிறது. டெக்னீஷியன் தம்பி என் கையை ஏந்திக்கொண்டு நர்ஸிடம் சொன்னான்:

"அது இல்ல சிஸ்டர், அந்தப் பீச்சாங்கை கிளாம்ப லூஸ் பண்ணுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுப்பா?" என்றேன்.

"இதாங்கா. கம்பெனி பேரெல்லாம் தெர்லக்கா, எங்க போனாலும் இத அப்டிதான் சொல்லுவாங்க. சோத்தாங்கையில பேஷண்ட புடிச்சிகினு பீச்சாங்கையில லாக் பண்ணிக்கலாம். செம ஈஸி. எவனோ பீச்சாங்கைக்காரன் பண்ணிருக்கான்."

"காரன் இல்லப்பா, காரி" என்றேன்.

"மருந்து ஏற ஆரம்பிச்சிடுச்சு" என்று நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணீர் காதுவரை ஓடியது. பார்த்தாயா அண்ணா? நீ இரும்பில் வெட்டி வைத்த பெயரை ஒருத்தரும் படிப்பதில்லை. நீ என்னைக் கேவலப்படுத்த வைத்த பெயரைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அது என்னோடுதான் இருக்கிறது, இருக்கட்டும். உன் வருஷத் திதிக்கு வரச்சொல்லி அண்ணி ஆள் அனுப்பியிருக்கிறாள். வருகிறேன். அதற்குள் வலது கைக் கட்டைப் பிரித்துவிடுவார்கள். ஆனாலும் உன் இலையில் சோறு வைக்கப்போவது இடது கைதான்.