சம்பந்தி குரல் உள்ளதும் இல்லாததும்

மார்ச் 4

ஃபிரிட்ஜ் இரைச்சல் மைக்கில் விழக் கூடாதென்று அதை அணைத்துவிட்டுப் பதிவு செய்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். பால் திரிந்துபோயிற்று. "உங்க சங்கீதத்துக்கு முதல் பலி பால்தான்" என்றாள் மனைவி.

ஆனால் கிட்டார் பகுதி முடிந்தது. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் ஒருவன் சொந்தமாக ஒரு மெட்டுக் கட்டி, படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க வாசித்து முடித்திருக்கிறான். கேட்கும்படி இருக்கிறதா? காலையில் இருக்கிறது என்று தோன்றியது. மாலையில் தோன்றவில்லை.

நடுப்பகுதிதான் குறை. கிட்டாரில் ஒரு சுரத்தை மீட்டினால் அது உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. அங்கே எனக்கு நீண்டு நிற்கும் ஒலி வேண்டும். மனிதக் குரல்தான் அப்படி நிற்கும். சொற்கள் வேண்டாம், வெறும் 'ஆ' போதும். யாரைக் கேட்பது? கேட்டால் சிரிப்பார்களோ?

மார்ச் 7

மகளைக் கேட்டேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

"இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு இழுக்கறீங்க? சனிக்கிழமை வர்றேன்" என்றாள். கூடவே, "மாமாவையும் கூட்டிட்டு வரவா? வீட்ல எந்நேரமும் ஏதாவது பாடிட்டேதான் இருப்பாரு."

மாமா என்றால் அவளுடைய மாமனார், என் சம்பந்தி. பஸ் டிப்போ ஒன்றில் மேலாளராக இருந்தவர். டிப்போவின் ஒரு கோடியில் நின்று பேசினால் மறுகோடியில் வண்டி கிளம்பும் என்பார்கள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஓ, தாராளமா" என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 11

மகள், சம்பந்தி, நான் போய்க் கேட்டதும் ஒப்புக்கொண்ட மாடி வீட்டுப் பல் டாக்டர், மூவரும் வந்து பாடிவிட்டுப் போனார்கள்.

முதலில் டாக்டர். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். தன் வாயைத் திறக்க நேர்ந்ததும் கூச்சப்பட்டார். ஆனால் குரல் தாழ்ந்து, வழவழவென்று இருந்தது. மகள் ஒரே தடவையில் பாடி முடித்தாள்.

பிறகு சம்பந்தி. ஹெட்போனை மாட்டிக்கொண்டார், இரண்டு தடவை தண்ணீர் கேட்டார், நெடுநேரம் தொண்டையைச் செருமினார். பாடினார். ஒவ்வொரு சுரத்துக்கும் கீழேயிருந்து, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதுபோல வந்து சேர்கிறார். சேர்ந்த இடமும் கோட்டுக்குள் இல்லை.

"எப்படி சம்பந்தி?"

"நல்லா இருந்தது."

"இன்னொரு தடவை வேணா பாடட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம், இதுவே தாராளம்."

மார்ச் 13

இரண்டு நாளாகக் கணினி முன்னால். சம்பந்தியின் குரலைத் தாழ்த்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுவதுபோல் இருக்கிறது. உயர்த்தினால் சண்டை நம் வீட்டிலேயே. முழுவதும் நீக்கிப் பார்த்தேன். பாட்டு எழுந்து நின்றது. மகளின் குரலும் டாக்டரின் குரலும் கிட்டாரை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு — இதை நானா செய்தேன்?

நீக்கிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மகள் அந்த வீட்டில் வாழப் போனவள். மாமனாருக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் வந்தால், அது நாளைக்கு அவள் சாப்பிடும் தட்டருகே வந்து உட்காரும். என் பாட்டு இருந்தால் என்ன, போனால் என்ன.

ஆனால் நன்றாக இருக்கிறதே.

மார்ச் 14

வழி கண்டுபிடித்தேன். இரண்டு வடிவங்கள். ஒன்றில் சம்பந்தியின் குரல் உண்டு, நன்றாகவே கேட்கும். அது அவருக்கு மட்டும். இன்னொன்றில் அவர் இல்லை. அது மகளுக்கும் டாக்டருக்கும். கோப்புகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டு, எது யாருக்கு என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 15

சாப்பிடும்போது பெருமையாக விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அவளும் சம்பந்தியும் ஒரே வீட்லதானே இருக்காங்க?"

ஐயோ. எப்படித் தோணாமப் போச்சு. ஒரே வீடு, ஒரே கூடம். இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம் — கோப்புக்குப் பேர் வைக்கத் தெரியுது, வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு தெரியல.

மார்ச் 16

மகளிடமிருந்து அழைப்பு இல்லை. நானும் அழைக்கவில்லை.

மார்ச் 17

மகள் கூப்பிட்டாள். "அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

நான் அவளுக்கு அனுப்பியதைக் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டாளாம். சம்பந்தி வந்து உட்கார்ந்து, தன் குரல் எப்போது வரும் எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்தாராம். பிறகு தன் கைபேசியில் வந்ததைப் போட்டுக் கேட்டாராம்.

"கேட்டு முடிச்சதும் எழுந்து மாடிக்குப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை உங்களைப் பாக்க வர்றாராம். தனியா."

மன்னிப்புக் கேட்கச் சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாமே தலைமையாசிரியருக்கு எழுதுவதுபோல் வருகின்றன.

மார்ச் 19

வந்தார். மனைவி காபியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால்தான் நின்றாள், எனக்குத் தெரியும்.

"ரெண்டையும் போடுங்க" என்றார்.

போட்டேன். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்னோடது கண்றாவியா இருக்கு, இல்ல?"

"அப்படியெல்லாம்..."

"சம்பந்தி."

"ஆமா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அப்பாடா" என்றார். "மருமக ஆசையா கூப்பிட்டா. மாட்டேன்னா முகம் வாடிடுமேன்னு வந்தேன். அதுக்கு முன்னால தினமும் பாத்ரூம்ல சாதகம் வேற. உள்ள விழுந்துட்டேனோன்னு உங்க சம்பந்தியம்மா வந்து கதவைத் தட்டறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் அதற்குள் காபியைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். எடுத்துட்டேன்னு நேரா சொல்லியிருந்தா நான் அன்னிக்கே நிம்மதியா இருந்திருப்பேன். மாடியில உக்காந்து அதைத்தான் யோசிச்சேன். நம்மளை அவ்வளவு முரடன்னு நினைச்சிட்டாரேன்னு."

எழுதி வைத்த வாக்கியம் ஒன்றும் உதவவில்லை. "பயந்துட்டேன்" என்றேன்.

"என்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும்தான்."

கதவுக்குப் பின்னால் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு அவர் சிரித்தார். மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும். போகும்போது தன் கைபேசியில் இருந்த வடிவத்தை என் எதிரிலேயே அழித்துவிட்டு, இன்னொன்றை அனுப்பச் சொன்னார்.

மனத்தில் ஓர் ஓரம் இன்னும் சுருக்கென்கிறது. மற்றபடி, மாதக்கணக்காகத் தூக்கிக்கொண்டு நின்றதைக் கீழே வைத்ததுபோல் இருக்கிறது.

மார்ச் 22

பல் டாக்டர் பாட்டைத் தன் கிளினிக்கில் போடுகிறாராம். வலி தெரியாமல் இருக்கவா, நேரம் போகவா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 2

புதிய மெட்டு ஒன்று. ஞாயிறுகளில் சம்பந்தி வருகிறார். பதிவுப் பொத்தானை அழுத்துவது இப்போது அவர் வேலை.

"அந்த ரெண்டாவது அடியில அவசரப்படறீங்க. பின்னாடி பஸ்ஸா வருது?" என்றார். போட்டுக் கேட்டேன். அவசரம்தான். மறுபடி வாசித்தேன். இம்முறை கூடவே ஒரு கிரீச் சத்தம். முன்பென்றால் பேசாமல் இருந்துவிட்டு, அவர் போன பிறகு தனியாகப் பதிவு செய்திருப்பேன்.

"சம்பந்தி, காலை ஆட்டாதீங்க. நாற்காலி கத்துது."

"சரி சரி" என்று இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு, பொத்தானை அழுத்தினார்.