பாதித் தாடி

ஆகஸ்ட் 4, திங்கள்

தாடி தொண்டையைத் தொட்டுவிட்டது. புழுக்கத்தில் ஒரே அரிப்பு. ரஞ்சிதாவுக்கு ஐந்தாம் மாதம் தொடங்கிய அன்று மாமனார் சொன்னார்: "கொழந்தை பொறக்கற வரைக்கும் மூஞ்சில கத்தி படக்கூடாதுங்க மாப்ள. எங்கூட்டு வழக்கம்." தலையாட்டிவிட்டேன்.

இருப்பது திருச்செங்கோட்டில் அவர் வீட்டு மாடி. வேலை அவருடைய ரிக் ஆபீஸில். போர்வெல் போடும் வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எந்த டிரைவர் ஃபோன் எடுக்கவில்லை என்று நாள் முழுக்கக் கத்துவதற்கா மெக்கானிக்கல் படித்தேன்? டாக்டர் அவர் பார்த்த டாக்டர். இப்போது முகமும் அவர் சொன்ன முகம்.

கெட்டவரா என்றால் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஓசூர் கம்பெனியில் இருந்து மெயில். புதன்கிழமை மதியம் சேலத்தில் நேர்காணல். ரஞ்சிதாவிடம் மட்டும் காட்டினேன். "போய்ட்டு வாங்க, அப்பாகிட்ட நான் மூச்சு உட மாட்டேன்" என்றாள். கிடைத்தால் என்னோடு வருவாயா என்று கேட்டேன். "கெடைக்கட்டும் மொதல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இது ஆமாவா, இல்லையா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்பேர் வாங்கச் சேலம் போகிறேன் என்று மாமாவிடம் சொல்லியாயிற்று. "பஸ்ஸுல எதுக்குங்க, காரை எடுத்துக்கிட்டுப் போங்க மாப்ள." பொய் சொன்னவன் கையில் சாவியைக் கொடுக்கிறார். கூசிப்போயிற்று.

ஆகஸ்ட் 13, புதன். ஆஸ்பத்திரி வராந்தா

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு சலூன். கடை புதிது, ஆனால் எல்லாம் பழைய மாதிரி. மரக் கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி, பிரஷ்ஷால் அடிக்கும் நுரை, மடக்குக் கத்தி, படிகாரக் கல். வாசலில் ஒரு மரப்பெட்டி. ஃபோனை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். "அந்தக் காலத்துல யாருங்க ஃபோனோட சவரம் பண்ணிக்கிட்டாங்க?" என்றார் கடைக்காரர் அன்பழகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து திறந்த கடையாம்.

நேர்காணலுக்காக ஓரத்தை மட்டும் ஒதுக்கிவிடத்தான் போனேன். சத்தியமாக. அவர் வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டார். உள்ளே சூடு, இருட்டு. யாரும் என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை. துண்டை எடுத்துவிட்டு, "ஓரம் மட்டும் போதுங்களா?" என்று கேட்டார்.

"பூரா எடுத்துருங்க" என்றேன். நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன்.

வலது கன்னத்தில் ஃபேன் காற்று பட்டபோது அழுகை வரும்போல இருந்தது. அப்போதுதான் பெட்டி அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. "உங்க ஃபோனாட்ட இருக்குதுங்க" என்றார். விடுங்க என்றேன் — விடுங்க என்று சொன்னேனே பாவி. நிற்கவே இல்லை. கடைசியில் எடுத்தால் மாமியார், பாப்பாயி அத்தை. ரஞ்சிதாவுக்கு வலி, ரத்தம் பட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள்.

நுரையைத் துடைத்துக்கொண்டே ஓடினேன். சங்ககிரி தாண்டும்போதுதான் கார்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். வலது பாதி மழமழவென்று இருந்தது, இடது பாதி அப்படியே தாடி.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இங்க புள்ள வலியில துடிக்கறா, நீங்க கத்தி வெச்சுக்கிட்டு வாறீங்களே சாமி." மாமா ஏற இறங்கப் பார்த்துவிட்டு மருந்து வாங்கப் போனார். திட்டியிருக்கலாம்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பிரசவம் வரை ஓய்வில் இருக்கட்டும் என்றார் டாக்டர். உள்ளே போனேன். ரஞ்சிதா என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் நர்ஸிடம் திட்டு வாங்கினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மிச்சத்தையும் எடுத்துவிடுகிறேன், பார்க்கச் சகிக்கவில்லை என்றேன். அத்தை விடவில்லை. "இருக்கற பாதியாவது இருக்கட்டுஞ் சாமி. அதுலயுங் கை வெச்சுராதீங்க."

இந்த மூஞ்சியோடு ஆபீஸுக்குப் போனேன். டிரைவர்கள் எதற்கென்று தெரியாமலே வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். மாஸ்க் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வர முடியாத காரணத்தைக் கம்பெனிக்கு எழுதியிருந்தேன். இன்று வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். ரஞ்சிதா தலையணையை அடுக்கி லேப்டாப்பைச் சாய்த்து வைத்துக் கொடுத்தாள். தாடிப் பக்கத்தை மட்டும் காட்டி எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். நேராகப் பாருங்கள் என்றார் ஒருவர். கழுத்துப் பிடிப்பு என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

மாமா தினமும் குளிக்கும் முன்பே சவரம் பண்ணிக்கொள்கிறவர். கொஞ்ச நாளாக அவர் முகத்தில் வெள்ளை முள்ளு முள்ளாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லையோ என்று கேட்டேன்.

"நீங்க எடுத்த பாதிக்கு நான் ஈடு கட்டறேனுங்க மாப்ள" என்றார். சொல்லிவிட்டு டிரைவருக்கு ஃபோன் போடப் போய்விட்டார்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இனி எந்த வாயோடு ஓசூர் என்று சொல்வேன்? இதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. டிசம்பரில் சேர வேண்டும். மெயிலை ரஞ்சிதா இரண்டு தரம் படித்தாள். "அப்பாகிட்ட நீங்கதான் சொல்லோணும்" என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

சாப்பிடும்போது சொல்லிவிட வாயைத் திறந்தேன். மோர் ஊத்தட்டுங்களா என்றார் அத்தை. ஊத்துங்க என்றேன். மாமாவின் தாடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. சொல்ல மனசு வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். மாமா குனிந்து கொஞ்சினார். தாடி உரசியதும் பாப்பா வீறிட்டு அழுதது.

நவம்பர் 9, ஞாயிறு

"நீங்க போன கடைக்கே போலாமுங்க மாப்ள" என்றார் மாமா. சேலம் போனோம். அடுத்தடுத்த நாற்காலி. ஃபோன்கள் பெட்டிக்குள். எனக்கு முதலில் முடிந்துவிட்டது. அவர் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார், தொண்டையில் கத்தி. மாமா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"மாமா, எனக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருக்குதுங்க. குடும்பத்தோட போலாம்னு இருக்கேனுங்க."

"ம்ம்" என்று ஒரு சத்தம். "அசையாதீங்க ஐயா" என்றார் அன்பழகன். நான் நிறுத்தவில்லை. ஆகஸ்டில் சேலத்துக்கு எதற்கு வந்தேன் என்பதில் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தி தாடைக்கு ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

மாமா எழுந்து முகத்தைத் தடவிக்கொண்டார். "ஓசூர்ல குளுரு சாஸ்தியாச்சுங்களே. பாப்பாவுக்கு ஒத்துக்குமா?" அவ்வளவுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

மாமாவே ஓசூர் போய் வீடு பார்த்துவிட்டு வந்தார். மாடி போர்ஷன், நல்ல தண்ணீர், பக்கத்திலேயே குழந்தை டாக்டர். "கீழ் போர்ஷனுங் காலியாத்தான் கெடந்துச்சுங்க. நாங்க ரெண்டு பேரும் அதுல இருந்துக்கறோமுங்க. ஆபீஸை ஃபோன்லயே பாத்துக்கலாம்."

ரஞ்சிதா பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கீழ் ஊடு வேண்டாம்ப்பா" என்றாள்.

"ஏஞ் சாமி?"

"நாங்க மட்டும் போறம்ப்பா. நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

அத்தை எழுந்து உள்ளே போனார். மாமா பாப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு ஃபோனை எடுத்து வீட்டுக்காரரிடம், கீழ் போர்ஷன் வேண்டாம், மேலே மட்டும் போதும் என்று சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் துணி எடுத்து வைக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருந்து பெரிய சூட்கேஸை இழுத்தேன். நகரவில்லை. திறந்தால் அவள் சேலைகள், இரண்டு மாதமாகக் காணோம் என்று நான் தேடிய நீலச் சட்டை, எங்கள் கல்யாண ஃபோட்டோ.

"எப்பக் கட்டுன?" என்றேன்.

"உங்களுக்கு வேலை வந்த அன்னிக்கு ஆரம்பிச்சனுங்க" என்றாள்.