பின்பக்கத்துப் பசை

அராபாவின் அம்மாவுக்கு,

நெஞ்சுவலியோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூரை ஒழுகி, சுதந்திர வருடத்துத் தபால்தலைகள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதை நீ சொல்லவே இல்லை. நனைத்துப் பிரித்து, பின்னால் புதுப் பசை தடவி வைத்துவிட்டாய்.

விற்கலாமென்று கொண்டுபோனபோது தபால்தலை வியாபாரி எபோ பார்த்ததும் சிரித்தான். "பசை ஓரத்துப் பல்லு வரைக்கும் வழிஞ்சிருக்கே, பெரியவரே. பசை போனபடியே விட்டிருந்தாக்கூட ஒரு மதிப்பு இருந்திருக்கும். புதுசா பசை தடவி விக்கிறதை ஏமாத்து வேலைன்னுல்ல சொல்லுவாங்க."

அந்தக் கோபத்தில்தான் கத்தினேன். நீயும் கேப் கோஸ்ட்டுக்கு, உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எந்தத் தபால்தலையிலும் ஓரத்துப் பல் ஒன்றுகூட ஒடியவில்லை.

சோளமாவு உருண்டை கென்கேயைக்கூடக் கடையில்தான் வாங்கிச் சாப்பிடுகிறேன். புளிப்பு அதிகம்.

இந்தக் கடித உறையில் புதுத் தபால்தலைக்குப் பக்கத்தில், நீ பசை தடவியவற்றில் ஒன்றையும் நாக்கில் நனைத்து ஒட்டியிருக்கிறேன். சட்டென்று பிடித்துக்கொண்டது. நல்ல பசைதான்.

அராபாவின் அப்பா