காது மிஷின் வாங்கிய பணம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உன் நலத்தை நீதான் சொல்ல வேண்டும், அதற்குப் போனை எடுக்க வேண்டும். போன வாரம் முழுக்க அடித்துப் பார்த்தேன், மணி போகிறது, நீ எடுக்கவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் என்றால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்து வைத்தாலும் உள்ளே நான் கத்திக்கொண்டுதான் இருப்பேன். பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மாவு மில்காரர் எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஆச்சா ஆச்சா என்று உயிரை எடுக்கிறார். அதற்குப் புதுச் செம்புக் கம்பிக் காயில் கட்டி வார்னிஷ் ஊற்றியிருக்கிறேன், அது காய்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன், காகிதத்தில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குக் காது மிஷின் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்று நீ ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றாய். நானும் வற்புறுத்தவில்லை, பிள்ளையிடம் கை நீட்டுவது எனக்கு வராது. திடீரென்று ஒருநாள் என் பாங்குக் கணக்கில் தொண்ணூறாயிரம் வந்து விழுந்திருந்தது. பட்டறை வைத்த நாளிலிருந்து அப்படி ஒரு தொகை மொத்தமாக வந்ததில்லை. வேறு யார் எனக்குப் போடப்போகிறார்கள், நீதான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? அன்றைக்கே அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். கடையில் முதலில் மலிவானதைக் காட்டினார்கள். பையன் அனுப்பியிருக்கிறான், நல்லதாகக் கொடுங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். வெளியே வந்ததும் அம்மா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். என்ன என்றேன். என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்குதுங்க என்றாள். இத்தனை நாளும் இவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் நான் முணுமுணுத்ததெல்லாம் இப்போது கேட்டுவிடுகிறது, அது தனிக் கஷ்டம்.

கடை வாசலிலிருந்தே உனக்குப் போன் செய்தேனே, ஞாபகம் இருக்கும். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நன்றி என்ற வார்த்தை என் வாயில் சுலபத்தில் வராது, என்னைப் பெற்றவருக்கே நான் சொன்னதில்லை. அன்றைக்கு நடுத்தெருவில் நின்றுகொண்டு, ரொம்ப நன்றிடா, நீ அனுப்பின பணத்துலதான் அம்மாவுக்குக் காது கேக்குது என்று சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பரவால்லப்பா, அம்மாவுக்குத்தானே என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பார்த்தவர்களிடமெல்லாம் உன் பெருமை பேசினேன், மில்காரரிடம் இரண்டு தடவை.

அப்புறம் பாங்கில் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு பெண்பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் பேசினாள். சார், உங்க கணக்குல தப்பா ஒரு தொகை விழுந்திருச்சு, திருப்பித் தரணும் என்றாள். எனக்கு வந்ததே கோபம். என் பையன் அனுப்பினதைத் தப்புன்னு சொல்ல நீ யாரு என்று ஆரம்பித்து, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பாங்கே திருட்டுக் கூட்டம் என்று கூடச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். கோழித்தீவனக் கம்பெனி ஒன்று ஒரு லாரிக்காரருக்குக் கொடுத்த வாடகைப் பணம் அது. கவுண்டரில் ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். அனுப்பியவர் என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. நான் மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்த லாரிக்காரரும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நான் கத்தியதை முழுக்கக் கேட்டவர். அவர் என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. டயர்க்காரன் பாக்கிக்கு வண்டியைப் பிடிச்சு வச்சிருக்கான்ணே, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் உன் மாமா உட்கார்ந்திருக்கிறார், எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ தெரியவில்லை. மச்சான், வந்த பணம் வந்ததுதான், அவன் தப்புக்கு நாம ஏன் அழணும், எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க என்கிறார். உன் கணக்குலேர்ந்து வேற ஒருத்தர் கணக்குக்குப் பணம் போயிருந்தா இப்படிச் சொல்வியா என்றேன், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். தெரியாமல் செலவு செய்தது குற்றமில்லை, ஆனால் செலவு செய்ததால் அது உங்கள் பணம் ஆகிவிடாது, தெரிந்த பிறகும் தரமாட்டேன் என்றால்தான் வழக்கு. மீதியிருந்ததை அப்போதே கட்டினேன், பட்டறையில் விற்க வைத்திருந்த இரண்டு பழைய மோட்டாரைத் தள்ளிவிட்டு அதையும் கட்டினேன், பாக்கி தவணையில். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? காதிலிருந்து மிஷினைக் கழற்றி, துடைத்து, டப்பாவில் வைத்து, என் முன்னால் நகர்த்தினாள். கொடுத்துடுங்க, எனக்கு இல்லாமலே பழக்கம்தான் என்றாள். ஒருவர் காதில் போட்டதைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்களாம். எனக்கு அந்தக் கடைக்காரன் மேலும் கோபம், பாங்கு மேலும் கோபம், அந்த டப்பா மேல் கூடக் கோபம். மிஷினை மறுபடி அவள் காதிலேயே மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் உன் மேல்தான். நான் ஏமாந்தேன், சரி, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே. நீ அனுப்பவில்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நீ. அப்பா, நான் எதுவும் போடலையே, பாங்குல விசாரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த லாரிக்காரர் முன்னால் நான் தலைகுனிந்திருப்பேனா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று யாரோ ஒருவர் பணத்துக்கு நீ பரவாயில்லை சொல்லியிருக்கிறாய். மாமா சொல்வதற்கும் நீ செய்ததற்கும் என்னடா வித்தியாசம்? நான் இடம் தெரியாமல் போட்ட நன்றியை, வந்தது வந்ததுதான் என்று நீயும் வாங்கிப் போட்டுக்கொண்டாய். இதைத்தான் நாலு நாளாக வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மா வாயைத் திறந்தாள். அன்னைக்கு அவன் பேசாம இருந்தான்ல, அப்ப எச்சில் முழுங்கினான்ங்க, எனக்குக் கேட்டுச்சு என்றாள். உனக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தமும் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவதும் கேட்டதாம். வேலை நாள்ல, வேலை நேரத்துல, இவன் ஏன் பார்க்குல உக்காந்திருக்கான் என்று அப்போதே நினைத்தாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றது என்றாள். அதற்குப் பிறகு எனக்கு யார் மேல் கத்துவது என்று தெரியவில்லை.

வேலை போய்விட்டதா? எத்தனை நாளாயிற்று? எங்கே சாப்பிடுகிறாய்? என்னிடம் எரிந்த மோட்டார் வந்தால் எப்போ சத்தம் மாறிச்சு என்றுதான் முதலில் கேட்பேன். எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும், ஆனால் புகை வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நீயும் அப்படி வராதே. வட்டிக்கு வாங்காதே, யாருக்கும் ஜாமீன் நிற்காதே, வாடகைக்கு முடியவில்லை என்றால் புறப்பட்டு வா. இங்கே தவணை ஓடுகிறது என்றாலும் உன் அறையில் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது, மேலே கிடக்கும் செம்புக் கம்பிச் சுருளை நான் எடுத்துவிடுவேன்.

அந்த நன்றி விஷயம். பாங்கு பணத்தை எப்படியும் கட்டி முடித்துவிடுவேன், அது எந்நாளும் என்னுடையது ஆகாது. நன்றி அப்படியில்லை. நீ போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல், அன்றைக்கே அது உன்னுடையதாகிவிடும், நான் திருப்பிக் கேட்க மாட்டேன். நீ நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். போன் செய்யும்போது நல்லா இருக்கேம்மா என்று ஆரம்பித்துவிடாதே. அவளுக்கு இப்போது காது கேட்கிறது.

இப்படிக்கு,
கத்தி முடித்துவிட்டு
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா