நீ தொலைத்த போர்வை

மகனுக்கு,

"இந்த விண்ட் சர்ஃபிங் கண்றாவிய நீயாவது நிறுத்தச் சொல்லும்மா" என்று போனில் கத்தினாயே, சொல்லமாட்டேன். உன் மகளின் பாய்மரப் பலகை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

துறைமுகச் சுவருக்கு அப்பாலுள்ள வளைவுக் கரையை அவளே அலைந்து தேடிப் பிடித்தாள். மதியத்துக்கு மேல் அங்கே காற்று கடலிலிருந்து வீசுகிறது. விழுந்தாலும் கரைக்கே தள்ளிவிடும்.

நீ என்ன செய்தாய்? பத்து வயதில் என் புதுப் போர்வையை ஒரு பழைய கதவில் பாயாகக் கட்டி, கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் காலையில் நடுக்கடலுக்குப் போனாய். படகுக்காரர் உன்னை மட்டும்தான் மீட்டுவந்தார். அன்று உன் அப்பாவிடம்கூட உன்னைக் காட்டிக்கொடுக்காதவள், இன்று அவளையா தடுப்பேன்?

ஞாயிறு மதியம் அவள் இறங்குகிறாள். நான் கரையில் நிற்பேன். பயமாக இருந்தால் நீயும் வந்து நில். ஏறி வரும்போது பிள்ளைக்குக் குளிரும். போர்வை நீதான் கொண்டுவர வேண்டும்.

உன்னைப் பெற்றவள்