ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்தது நீ இல்லை

என் மேல் கோபப்படவே தெரியாத அண்ணாவுக்கு,

உன் ஹார்ட் டிஸ்க் பிழைத்துவிட்டது. நீ படமெடுத்த காசிமேட்டுக் கல்யாணங்கள், காதுகுத்து, சாவு ஊர்வலங்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் சந்தோஷப்படுவாய். ஆனால் அதைக் கெடுத்தது யார் என்று உன் தெருவில் உலவும் கதை பொய். அந்தக் கதையைக் கட்டியவன் நான்.

நீ இறந்துபோன பிறகு உன் போட்டோ ஸ்டூடியோவைக் காலி செய்தபோது, அண்ணி அந்த டிஸ்க்கைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு மீஞ்சூருக்கு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இது பழசாயிடுச்சாம். புதுசு ஒண்ணு வாங்கியாந்துகீறேன். இதுல கீறதெல்லாம் அதுல ஏத்திக் குடு. புஷ்பாக்கா டெய்லி வந்து நிக்கிது."

புஷ்பா அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. வருஷத் திதி நெருங்குகிறது. மாலை போட்டு வைக்க அவருக்கென்று ஒரு படம் கிடையாது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் மேடையோரம் நின்றதுதான் இருக்கிறது, அதை எடுத்தவன் நீ. நம் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தானே? கூட்டத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, எல்லாருக்கும் அதே நீலச் சட்டையை மாட்டிவிடுவாய். "இன்னாண்ணா, செத்தவன் எல்லாத்துக்கும் ஒரே டெய்லரா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆமா நைனா, அளவெடுக்கற வேல மிச்சம்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. படித்தவன் நான், ஊர் கொண்டாடியது உன்னை. என் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே, குப்பத்தில் யாரோ இறந்ததாகச் செய்தி வந்ததும், கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாய். "கல்யாணத்த இன்னொருத்தன் எடுப்பான், பொணம் காத்துகினு இருக்காது" என்றாய். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. உன் டிஸ்க்கைக் கையில் எடுத்தபோது அதுவும் என் மனதில் இருந்ததா? அவசரமா, அலட்சியமா? எனக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். டிஸ்க்கின் தொடக்கத்தில், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். மனைக்கு எல்லைக்கல் மாதிரி. புது டிஸ்க்கில் முதலில் அந்தக் கல்லை நட வேண்டும். ஆபீஸில் நான் தினமும் செய்கிற வேலை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும். இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தே மாட்டியிருந்தேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபோது, அது இரண்டுக்கும் வைத்திருந்த பெயர்கள் இடம் மாறிவிட்டன. எது எது என்று பார்த்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இதற்காகவே திட்டுகிறவன் நான். பார்க்காமல் தட்டினேன். புதுக் கல் உன் மனையில் விழுந்தது. டிஸ்க் காலி என்று காட்டியது.

மறுநாள் அண்ணி போன் செய்தார்.

"ஏத்திட்டியா தம்பி?"

"அதுல ஒண்ணுமே காட்டல அண்ணி. ஏற்கெனவே கெட்டுப் போய்க்கீது. அண்ணா சும்மா சும்மா புடுங்கி மாட்டியிருப்பாரு. என்னிக்கு எத ஒழுங்கா வெச்சிருந்தாரு அவரு?"

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அது? "அவுரு அப்டித்தான்" என்றார் அண்ணி. உன்னைப் பற்றி அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

கல்லைப் பிடுங்கினாலும் வீடு இடிந்துவிடாது. நல்லவேளை, அதற்கு மேல் நான் எதையும் எழுதியிருக்கவில்லை. டெஸ்ட்டிஸ்க் என்று ஒரு கருவி உண்டு. படமும் பட்டனும் இல்லாமல் எழுத்திலேயே ஓடுவது. டிஸ்க்கைத் துழாவி, பழைய எல்லைகள் எங்கே இருந்தன என்று கண்டுபிடிக்கும். மேலோட்டமாகத் தேடியபோது நான் நட்ட கல் மட்டும்தான் தெரிந்தது. ஆழமாகத் தேடச் சொல்லிவிட்டு, லீவு போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் உன் பழைய பகுதிகள் இரண்டும் திரையில் வந்தன. அட்டவணையை எழுதுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். காசிமேடு, எண்ணூர், தண்டையார்பேட்டை என்று நீ தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் தட்டிய பெயர்கள். அந்த நீலச் சட்டைக்கும் தனியாக ஒரு ஃபோல்டர். இந்த முறை டிஸ்க்கின் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகே எழுதச் சொன்னேன். எல்லாம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு உன் தெருவுக்குப் போனேன். மீன் ஏலம் விடுகிற நாயகம் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"கோபாலு கெடுத்துட்டுப் போனத தம்பிகாரன் மீட்டுகினு வந்துட்டான் பார்றா. அவன் கேமரா புடிச்சான், அவ்ளோதான். இதுக்கெல்லாம் படிப்பு வோணும் மாமு."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். இனித்தது அண்ணா. உன் தெருவில் உன்னைவிட ஒரு படி மேலே நிற்க எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. செத்தவனை ஜெயிப்பதும் ஒரு ஜெயமா?

வீட்டில் அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உன் படத்தைப் பார்த்து, "ஊரு சொத்த இப்டியா போட்டு வெப்பாரு ஒரு மனுசன்?" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணி, அவரு கெடுக்கல. நான்தான். மாத்தி எழுதிட்டேன்."

உரித்த பூண்டையெல்லாம் ஓரமாக ஒதுக்கினார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நாயகத்தாண்ட டீ வாங்கிக் குடிச்சியாமே, அங்க சொன்னியா?"

சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"இத்தினி நாளா இந்த மனுசன திட்டிகினு கீறேன் தம்பி. செத்தவர கூட்டி வெச்சி, இல்லப்பா தெரியாம திட்டிட்டேன்னு சொல்ல முடியுமா என்னால?"

அதற்கு நீ என்ன சொல்வாய் அண்ணா?

அன்றே புஷ்பா அக்கா வீட்டுக்குப் போனேன். முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்த அவர் வீட்டுக்காரர் படத்தைக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் முகத்தை முந்தானையால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு சொன்னார்: "கோபாலு மேல தப்புன்னு நானும் நாலு வூட்ல சொல்ட்டேன். எனக்குக் காலு வலி. நீ போய் சொல்ட்டு வா. மொதல்ல எதுத்த வூடு."

போனேன். எதிர்த்த வீட்டில் சிரித்தார்கள். அடுத்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னும் வீடுகள் இருக்கின்றன, விடமாட்டேன். நாளை விடிகாலை காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறேன். நாயகத்தைத் தனியே கூப்பிட்டுக் காதில் சொல்லமாட்டேன். கூட்டம் கலைவதற்குள், கூடைக்காரப் பெண்களுக்கும் கேட்கும்படி, உன் பெயரை முழுசாகச் சொல்லி, கெடுத்தது நான் என்று சொல்வேன்.

உன் பெயரைக் கெடுத்தவன்,
உன் கூடப்பிறந்த தம்பி
சேகர்