பானெட்டில் திரும்பி உட்கார்ந்தவன்

இன்று காலை கடையில் விசிறிக் காற்றுக்கு ரசீதுகள் பறந்தன. உன் வீட்டிலிருந்து வந்த இரும்பு வட்டை எடுத்து மேலே வைத்தேன். உள்ளங்கை அகலம், மூன்று துளை, எத்தனை முறை கழுவினாலும் போகாத கிரீஸ் வாசனை. யூரியா வாங்க வந்தவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "என்னண்ணே இது, ஏதும் பம்புசெட்டு சாமானா?" என்றார்.

"அம்மனுக்கு வாங்குன ஹை ஹீல்ஸ்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு என்னவோ ஆகிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம் ஊர் மாரியம்மனின் பழைய சப்பரம் சக்கரம் உடைந்து கிடந்த வருஷம், வீதியுலாவுக்கு உன் பிக்கப் வண்டியைக் கேட்டார்கள். வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு சுற்றி, நீ அதைக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கி வைத்திருந்தாய். ஆனால் சுமை ஏற்றுவதற்கென்றே செய்த வண்டி அது. பின்பக்கம் தூக்கலாகவும் மூக்கு தாழ்ந்தும்தான் நிற்கும். அதன்மேல் ஏற்றிய அம்மன், தோட்டின் திருகாணியைத் தெருவில் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் போல நான்கு வீதியும் குனிந்துகொண்டே போனாள். உலா முடிந்ததும் கமிட்டிச் செயலாளர், அடுத்த வருஷம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்வதுபோல உன் காதில் விழும்படி சொன்னார்.

அங்கே நீ சிரித்துக்கொண்டுதான் நின்றாய். என் வீட்டுக்கு வந்து இலையின் முன்னால் உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். உன் குடும்பத்துக்கு அந்தக் கோயிலில் மண்டகப்படி கிடையாது, முதல் மரியாதை கிடையாது, ஒரு டியூப்லைட்டில்கூடப் பெயர் கிடையாது. "எனக்குன்னு அங்க இருக்கறது ஒரு ஸ்டியரிங்தான் மாப்ளே" என்றாய். என் மனைவி ரசத்தை ஊற்றாமல் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அதன் பிறகுதான் நீ அந்த வீடியோவைக் கண்டுபிடித்தாய். ஏதோ ஒரு தேசத்தில், வீடு அளவு வண்டி வைத்திருக்கும் தாடிக்காரன் ஒருவன், முன் சஸ்பென்ஷனுக்கு மேல் ஓர் இரும்பு வட்டை வைத்து மூக்கைத் தூக்கி நிறுத்துகிறான். வண்டி தரையோடு தரையாகச் சமமாக நிற்கிறது. லெவலிங் கிட் என்று அதற்குப் பெயர். உன் வண்டிக்கும் கிடைத்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் கமிட்டி வரை செய்தி போய்விடும் என்று உன் வீட்டுக் கொல்லையிலேயே மாட்டுவதாக முடிவு செய்தாய். கூட வந்த இங்கிலீஷ் தாளை வாசித்துச் சொல்ல ஒரு பி.காம். தேவைப்பட்டது. என் பட்டத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே உத்தியோகம் அதுதான்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, வீலைக் கழற்றினாய். மேலே மூன்று நட்டு, கீழே ஒரு பெரிய போல்ட். அந்தப் போல்ட் மட்டும் வரவில்லை. நான் தாளில் அதற்கு என்ன போட்டிருக்கிறது என்று தேட, நீ போல்ட்டிடம் அதன் அம்மா அப்பாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாய். ஒருவழியாக ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் சேர்ந்த அந்தக் குண்டுத் தடியை இறக்கி, தலையில் வட்டை வைத்து முடுக்கி, திரும்ப ஏற்றினோம். நடுவில் ஒரு நட்டைக் காணோம். கொல்லை முழுக்கத் தேடினோம். நான் எழுந்ததும் கிடைத்தது. இரண்டு பக்கமும் முடிந்தபின் கொத்தனாரிடம் வாங்கி வந்த ரசமட்டத்தை வண்டியின் தளத்தில் வைத்தாய். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. கிரீஸ் கையோடு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாய். உன்னை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேறு வண்டி அமையாமல் கமிட்டி மறுபடியும் உன்னிடமே வந்தது. திருவிழா அன்று சாயங்காலம் அம்மன் ஏறினாள். பீடம் ஏறியது, ஜெனரேட்டர் ஏறியது, குருக்கள் ஏறினார், கமிட்டியில் இருவர் ஏறினார்கள். வண்டியின் பின்பக்கம் மெதுவாக இறங்கியது. அம்மன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "போன வருசம் தரையப் பாத்தா, இந்த வருசம் மழை வருமான்னு பாக்குறா" என்றது.

நெல் மூட்டை ஏற்றியே பிழைத்தவன் நீ. உர மூட்டை ஏற்றி இறக்கியே முதுகு போனவன் நான். ஆள் ஏறினால் பின்பக்கம் இறங்கும் என்று நம் இருவருக்கும் தெரியாதா? தெரியும். ஆனாலும் வெறும் வண்டியை அளந்தோம். அவளை ஒரு சுமையாகக் கணக்கில் சேர்க்க நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

செயலாளர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. நீ என்னைத் தலையிலிருந்து கால்வரை, மூட்டையை எடைபோடுகிற கண்ணால் பார்த்தாய்.

"மாப்ளே, பானெட்ல ஏறி உக்காரு."

"ஊர் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டும். உன் ஒடம்பு ஒரு நாளாச்சும் ஊருக்கு ஆவட்டும்."

ஏறினேன். வண்டி மூக்கு தணிந்தது. அம்மன் நிமிர்ந்து, நேராக நம் ஊரைப் பார்த்தாள். குருக்கள்தான் அவளுக்கு முதுகு காட்டக்கூடாது என்றார். ஆகவே திரும்பி உட்கார்ந்தேன். கைகூப்பிக்கொண்டு, உன் பார்வையை மறைக்காமல் இடது ஓரமாக, பின்னோக்கியே நான்கு வீதியும் போனேன். பானெட்டில் என் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. அடுத்த வருஷம் பூ ஜோடிக்க வந்தவர்கள், "அண்ணனுக்கு எடம் விட்டுக் கட்டுங்க" என்றார்கள். எனக்கும் மரியாதை வந்துவிட்டது.

அங்கே உட்கார்ந்தால் மேலே அவள் முகம், கீழே கண்ணாடிக்குள் உன் முகம். ஊர் முழுக்க அவளைப் பார்க்க, நான் பாதி நேரம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் மாற்றும்போது நாக்கைக் கடிப்பாய். தேங்காய் உடைக்க நிற்கும் வீடுகளில் யார் வாசலில் யார் நிற்கிறார்கள், யார் யாரோடு பேசவில்லை என்று கண்ணாலேயே எனக்கு வம்பு சொல்வாய். பக்தியில் என் உடம்பு குலுங்குவதாக ஊர் நினைத்தது.

போன வருஷம் நீ வம்பு சொல்லவில்லை. மேல வீதியில் உன் நெற்றி வேர்த்திருந்தது. வடக்கு வீதி திரும்பும்போது ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாய். நான் இறங்கப் போனேன். கண்ணாடிக்குள்ளிருந்து கையை அசைத்தாய். இறங்காதே, யாருக்கும் சொல்லாதே.

பின்னால் கூட்டம் ஏன் வண்டி நிற்கிறது என்று கேட்கத் தொடங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த தவில்காரரைக் கூப்பிட்டு, இங்கேயே நின்று ஒரு தனி வாசியுங்கள் என்றேன். மனுஷன் வெளுத்து வாங்கினார். அவர் வாசிப்புக்காகத்தான் நீ நிறுத்தினாய் என்று ஊர் கைதட்டியது. நான் தாளம் போட்டுக்கொண்டே உன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாய். என்னைப் பார்த்துத் தலையசைத்தாய். நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாய். அம்மனைக் கோயில் வாசலில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை அணைத்தபிறகுதான் கதவைத் திறந்து என் தோளில் விழுந்தாய்.

அதன்பின் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. அந்தப் படிக்கட்டுகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தை பிறக்கும் முன் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டியை ஒரு மீன் வியாபாரி வாங்கினார். முன்பக்கத் தூக்கல் வேண்டாம் என்று சொன்னதால் வட்டுகளைக் கழற்றினார்கள். பள்ளம் ஏது என்று அவர் கேட்டதற்கு, "அது எங்க அண்ணன்" என்றாளாம் உன் மனைவி. ஒரு வட்டை அவள் வைத்துக்கொண்டாள். மற்றொன்றைப் பையில் போட்டு எனக்குக் கொடுத்தனுப்பினாள். என் பின்புறத்தின் அச்சு இப்போது நாகப்பட்டினம் ரோட்டில் கருவாட்டு வாசனையோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த வருஷம் அம்மனுக்குக் கும்பகோணத்திலிருந்து வாடகை வண்டி வந்தது. பித்தானை அழுத்தினால் மேடை தானே சமமாகிறது. பழக்கத்தில் நான் முன்பக்கமாகப் போய் நின்றேன். டிரைவர் தலையை நீட்டி, மரியாதையாகத்தான், "இந்த வண்டிக்கு நீங்க வேணாண்ணே" என்றார். ஒதுங்கி நின்றேன். அவள் கொஞ்சமும் சாயாமல் என்னைக் கடந்து போனாள். கண்ணாடிக்குள் யாரோ ஒருவர் இருந்தார்.

போன வாரம் டாக்டர் என்னை எடைமேடையில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, உடனே குறைத்தாக வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் அன்றெல்லாம் என் வயிற்றில் தட்டி நீ சொல்வது காதில் விழுந்தது. "ஒரு கிலோகூட எறக்கிடாத மாப்ளே, ஆத்தா சாஞ்சிடுவா."

எதிரிலிருந்த ஓட்டலில் போய் உட்கார்ந்து பூரி சொன்னேன்.

எதையும் இன்னும் இறக்கவில்லை, மாப்ளே.